விடிகாலை ஐந்து மணி ஜெபவீரன்

எங்கள் சபையில் என்னை ஜெபவீரன் என்று அழைக்க ஆரம்பித்ததற்கு முழுப் பொறுப்பும் அரசாங்கத்தைச் சேரும். நள்ளிரவிலிருந்து விடிகாலை ஐந்து வரை இணையத்தில் காசு வைத்துச் சீட்டாடக் கூடாது என்று விதி போட்டிருந்தார்கள். ராத்திரி முழுக்க ஆடிவிட்டுப் பகலில் தூங்கலாம் என்றிருந்த என்னைப் போன்ற உழைப்பாளிகள், அலாரம் வைத்து ஐந்து மணிக்கு எழ வேண்டியதாயிற்று. அதுவும் நல்லதுதான். ராத்திரியெல்லாம் கை அரித்துக் கிடந்தவர்கள் ஐந்து மணிக்கு ஓடி வருவார்கள். கை அரிப்போடு வருகிறவனிடம் ஜெயிப்பது சுலபம்.

அப்போது கல்லூரியில் கடைசி வருடம். வீடு பருத்திப்பட்டு ஏரியை ஒட்டிய தெருவில். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட், நட்டு செய்யும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். பரீட்சை முடிந்ததும் என்னையும் அங்கே சேர்த்துவிட முதலாளியிடம் சொல்லி வைத்திருந்தார். எனக்கோ போக்கர் ஆடியே பிழைத்துக்கொள்ளலாம் என்று திட நம்பிக்கை. அப்பாவிடம் பேசி ஜெயித்தவர் எங்கள் குடும்பத்தில் கிடையாது. அதனால் அந்த வேலையில் ஆறு மாதம் கிடைக்கும் சம்பளத்தைச் சீட்டிலேயே சேர்த்து, போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டிவிடுவது என் திட்டம். அதற்கப்புறம் போல்ட்டாவது நட்டாவது! பாதிக்கு மேல் சேர்ந்தும் விட்டது.

கொசுவுக்குப் பயந்து போர்வையைத் தலையோடு இழுத்து மூடிக்கொண்டு, கட்டில் ஓரம் முழங்காலில் உட்கார்ந்து, போனை மெத்தைமேல் வைத்துக் குனிந்தபடி ஆடுவேன். எந்தச் சீட்டு வர எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போடும்போது உதடு தானாக முணுமுணுக்கும். ஒருநாள் தண்ணீர் பிடிக்க எழுந்த அம்மா கதவருகே நின்று இதைப் பார்த்திருக்கிறார். மெத்தைமேல் இருந்த வெளிச்சம் அவர் கண்ணுக்குப் போனில் திறந்து வைத்த வேதாகமமாகத் தெரிந்திருக்கிறது. அன்று காலை தோசைக்கு எனக்கு மட்டும் நெய்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் பெண்கள் ஐக்கியம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. முட்டி வலி, பெண்ணுக்கு வரன், மருமகனுக்கு விசா என்று வேண்டுதல்கள் வர ஆரம்பித்தன. பூந்தமல்லியில் வளையல் கடை வைத்திருந்த ஒரு ஆன்ட்டி, மெட்ரோ வேலைக்காகக் கடை வாசலில் வைத்த தகரத் தடுப்பை எடுக்க ஜெபிக்கச் சொன்னார். தகரத்துக்கெல்லாம் ஜெபமா என்று நினைத்துக்கொண்டு சரி என்றேன். அடுத்த வாரமே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு என் மவுசைக் கேட்க வேண்டுமா? மறுக்கவும் முடியவில்லை. உண்மையைச் சொன்னால் ஆட்டமும் போகும், நெய் தோசையும் போகும்.

கடைசிப் பரீட்சையும் முடிந்து, இப்படியிருக்கும்போதுதான் பின் தெருவில் தையல் வேலை செய்யும் அக்கா வந்தார். அவர் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர்.

"தம்பி, எங்க ஊட்டுக்காரரு காலைல எழுந்தா போனும் கையுமா குந்திக்கினு சீட்டு ஆடிக்கினே கீறாரு. மொதல்ல ரம்மி, இப்ப இன்னாவோ போக்கராம். மிஷின அடகு வெச்சாச்சு. அவருக்காக ஜெபி."

"அவரு ஜெயிக்கணும்னு ஜெபிக்கவா அக்கா?"

"ஐயோ, வாணாம்! ஜெயிச்சா இன்னும் ஆடுவாரு. ஒரேயடியா தோக்கணும் தம்பி. ஒரு பைசா இல்லாம தோத்தாத்தான் அந்தாளு வுடுவாரு."

வந்த வேண்டுதல்களிலேயே என் கைக்கு எட்டியது இது ஒன்றுதான். எந்த ஆப் என்று விசாரித்தேன், நான் ஆடுவதே. தன் வேனின் முதுகில் எழுதியிருந்த பெயரையே அவர் அதிலும் வைத்துக்கொண்டிருந்தார். தேடிப் பிடிக்க ஒரு நிமிடம் ஆகவில்லை. அக்காவின் கண்ணீரும் துடைக்கப்படும், என் கணக்கும் நிறையும். கரும்பு தின்னக் கூலியா என்று மறுநாள் ஐந்து மணிக்கே இரண்டு பேர் மட்டும் ஆடும் மேசைக்கு அவரை அழைத்தேன். நான் யாரென்று அவருக்குத் தெரியாது.

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்டேன் என்பது போகப்போகத்தான் புரிந்தது. போக்கரில் ஆளுக்கு இரண்டு சீட்டு கையில் வரும், பொதுவாக ஐந்து சீட்டு நடுவில் விழும். கையில் வந்தது மோசமென்றால் மடக்கிப் போட்டுவிட்டு அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருப்பதுதான் புத்தி. மனிதர் எதையுமே மடக்கவில்லை! எனக்கு இரண்டு ஏஸ் வந்தது. கையில் வரும் இரண்டு சீட்டில் அதைவிட நல்லது கிடையாது. மேசையில் இருந்ததையெல்லாம் கட்டினேன். அவரும் கட்டினார், ஒரு ஏழையும் ஒரு இரண்டையும் வைத்துக்கொண்டு. சின்னப் பிள்ளைகூடத் தூக்கிப் போடும் கை அது. நடுவில் இரண்டு ஏழு விழுந்தன. அவருடைய மூன்று ஏழுக்கு முன்னால் என் இரண்டு ஏஸ் செல்லாக்காசாயிற்று.

அங்கேயே எழுந்து முகம் கழுவியிருக்க வேண்டும். எனக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது. ஏழையும் இரண்டையும் வைத்து ஆடுகிற ஆளிடம் நான் தோற்பதா என்று மிச்சத்தையும் மேசைக்குக் கொண்டுவந்தேன். கையில் ஒன்றுமில்லாமல் பெரிய பணம் கட்டி மிரட்டிப் பார்த்தேன். மிரளுவதற்கு அவருக்கு ஆட்டம் தெரிந்திருக்க வேண்டுமே. பால்காரர் மணி அடித்தபோது கணக்கில் பூஜ்யம். போர்வைக்குள்ளேயே அழுதேன். கதவருகே அம்மா நிற்பது தெரிந்தது. அழுகிற மகனை அவர் எப்படிப் புரிந்துகொண்டார் என்று சொல்லத் தேவையில்லை.

அந்த ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம் வந்ததும், சபைப் பக்கமே எட்டிப் பார்க்காத வேன்காரர் மைக்கைப் பிடித்தார்.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் சீட்டாடி ஊட்ட அழிச்சவன். போன வாரம் எங்கிருந்தோ ஒரு சாத்தான் வந்து என்ன ஆட கூப்ட்டுச்சு. கையில ஏழு வந்துச்சு. ஏழு கர்த்தரோட நம்பராச்சே, எப்டி வுடறது? கர்த்தர் அந்த சாத்தானை என் கையில ஒப்புக்கொடுத்துட்டாரு!"

பாஸ்டர் இருமினார். மைக் பிடித்தவர் நிறுத்துவதாக இல்லை.

"மிஷின மீட்டுட்டேன். கர்த்தர் குடுத்தது போதும்னு அந்த ஆப்ப அன்னிக்கே அழிச்சிட்டேன், இனிமே தொட மாட்டேன். எனக்காக ஜெபிச்ச தம்பி அதோ குந்திக்கினு கீது."

சபையே திரும்பிப் பார்த்தது. தையல் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை நினைத்து இன்னும் எரிச்சலாக வந்தது. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். அந்தச் சாத்தானும் சொன்னான்.

பிறகு காணிக்கைப் பை வந்தது. வேன்காரர் தடிமனான கவர் ஒன்றை அதில் போட்டுவிட்டுப் பின் வரிசைக்குக் கொடுத்தார். கைமாறிக் கைமாறி என்னிடம் வந்து சேர்ந்தது. அத்தனை மாதம் திரையில் எண்ணாக மட்டுமே பார்த்திருந்த என் பணத்தின் கனத்தை அன்றுதான் கையில் உணர்ந்தேன். கூடுதலாக ஒரு நிமிடம் வைத்திருந்தேன் போலிருக்கிறது. அப்பா என் பக்கம் குனிந்தார்.

"குடுறா, பின்னாடி வெயிட் பண்றாங்க. நாளைக்கு ஏழரைக்கு ரெடியா இரு, மொதலாளி வரச் சொல்லிட்டாரு."

பையைப் பின்னால் கொடுத்துவிட்டு, சரிப்பா என்றேன்.