பல்லுக்குப் பத்துச் சதம்

போன கிழமை, மொன்றியலுக்குப் பக்கத்து லொங்குய்யில், நான் வேலை செய்யும் கந்தோரின் சாப்பாட்டு அறையில் பெரிய விவாதம். பிள்ளைகள் தலையணைக்குக் கீழே வைக்கும் விழுந்த பல்லை இரவில் எடுத்துப்போகும் பல் தேவதை, அதற்கு எவ்வளவு காசு வைக்கவேண்டும்? ஒருத்தி ஐந்து டொலர் என்றாள். பேரப்பிள்ளை கண்ட இன்னொருத்தி, முதல் பல்லென்றால் இருபது என்றாள். எனக்கு எவ்வளவு கிடைத்தது என்று கேட்டார்கள். பத்துச் சதம் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எந்த நாட்டுச் சதம் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் சூப் ஆறிப்போயிருக்கும். உங்களுக்குச் சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுவில், அகதிகளாக வந்த முதற் குளிர்காலம். மொன்றியலில் மூன்றாம் மாடி வீடு. அப்பா, அம்மா, நான். அண்ணா யாழ்ப்பாணத்தில் ஓர் இராணுவச் சுற்றிவளைப்பில் பிடிபட்டுப் போனவர்; பிறகு தகவலே இல்லை. அவருடைய சேட்டு ஒன்றை அம்மா தோய்க்காமல் சூட்கேசில் கொண்டுவந்திருந்தார். அந்த வீட்டை நினைத்தால் மணந்தான் முதலில் வரும்: ஹீற்றரில் காயும் ஈரக் காலுறை, பொரித்த மிளகாய், சூட்கேசைத் திறந்தால் அண்ணாவின் வியர்வை.

என் வகுப்பில் பல்லுக்கு இருபத்தைந்து சதம்தான் விலை. ஒருத்திக்கு மட்டும் பச்சை நிற ஒரு டொலர்த் தாள் வந்ததாம். என் முன்பல் ஆடத் தொடங்கியதும் வருமானம் கூடட்டும் என்று மற்றப் பற்களையும் ஆட்டிப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. அம்மாவுக்கு விசயத்தைச் சொன்னேன்.

"பல்லை அணிலுக்கெல்லே குடுக்கிறது. கூரையில எறிஞ்சாத்தான் அது நல்ல பல்லுத் தரும். அண்ணாவுக்கு அப்பிடித்தானே வடிவா முளைச்சது."

மொன்றியலிலும் அணில் உண்டு. ஆனால் முதுகில் கோடில்லாத, பூனை போன்ற அணில். அதன் பல் எனக்கு வேண்டாம்.

"இஞ்ச தேவதைதான் அம்மா வாறது" என்றேன். தை மாதத்தில் பல் விழுந்தது. தலையணைக்குக் கீழே வைத்துவிட்டுப் படுத்தேன்.

காலையில் கையை விட்டால் பல் இல்லை. ஒரு நாணயம் இருந்தது. விளிம்பு வளைந்து வளைந்து பூப்போல. இலங்கைப் பத்துச் சதம். பல்கனிக் கதவிலிருந்து என் கட்டில்வரை நிலத்தில் ஈரமான வெறுங்கால் தடங்கள். கதவோரத்தில் கரையாத பனி கொஞ்சம்.

அம்மா நாணயத்தை வாங்கிப் பார்த்தார். ஓடிப்போய்ச் சூட்கேசைத் திறந்து சேட்டுப் பையைத் தடவினார்.

"இதுக்கைதான் கிடந்தது. பஸ்ஸுக்கெண்டு வச்சிருந்த சில்லறை. காணேல்லை."

பிறகு ஒரு தடத்துக்கு அருகில் குந்தி, ஈரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "பிள்ளை செருப்பும் இல்லாமல் வந்திருக்கிறான்."

உயிரோடு இருக்கிறவர் கடல் தாண்டி வெறுங்காலோடு வரமாட்டார் என்பது ஏழு வயதிலும் எனக்குத் தெரியும்.

அப்பா டோர்வல் விமான நிலையத்தில் இரவுத் துப்புரவு வேலை முடித்து வந்து சோபாவில் இருந்தார். அம்மாவின் கால்விரல்கள் சிவந்து வீங்கியிருந்தன. அப்பா அவற்றை இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்துப் பிடித்தார். அன்றே பல்கனிக் கதவுக்குப் பூட்டு வாங்கிப் போட்டுத் திறப்பைத் தன்னோடு வைத்துக்கொண்டார். சம்பளம் குறைந்தாலும் பகல் வேலைக்கு மாறினார்.

அடுத்த பல்லுக்கு இருபத்தைந்து சதம் வந்தது. அம்மா அதைப் பார்க்கவே இல்லை. நிலம் முழுவதும் கால்தடம் தேடினார்.

பல வருடங்கள் கழித்து, அம்மாவின் செத்தவீடு முடிந்த பிறகுதான் அப்பா அந்த இரவைப் பற்றி வாய் திறந்தார்.

"விடியப்பறம் நான் வந்து பாக்கிறன், பனிக்குள்ள வெறுங்காலோட அம்மா பல்கனிக் கம்பியில சாஞ்சு நிக்கிறா. கண் திறந்திருக்கு, ஆனா நித்திரை. 'அணிலே, பிள்ளைக்கு நல்ல பல்லுத் தா' எண்டு சொல்லிப் பக்கத்துக் கூரைக்கு எறியிறா. பேந்து உள்ளுக்கு வந்து உன்ர தலைமாட்டில காசை வச்சா. நான்தான் கூட்டிக்கொண்டு போய்ப் படுக்க வச்சனான்."

"ஏனப்பா அம்மாட்டச் சொல்லேல்லை?"

"என்னெண்டு சொல்லுறது? பிள்ளை வரேல்லை எண்டோ?"

அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டுப் புது அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். அப்பாவும் இப்போது இல்லை. அண்ணாவைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அம்மா இருந்தவரை, யார் வீட்டுக்கு வந்தாலும் தேத்தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டு, "ஒருக்கா வந்து எங்களைப் பாத்திட்டுப் போனவன்" என்பார். வந்தவர்களும் "ஓம், ஓம்" என்பார்கள். அண்ணா வந்து போனவர் என்று சொல்ல இப்போது ஒருவரும் இல்லை.