ஏகாதசியன்று படுத்த சர்வர்

ஸ்ரீரங்கம் வரும் பக்தர்களுக்கு வீடுகளில் தங்க அறை பிடித்துத் தரும் இணையதளம் நடத்துகிறேன். அதற்கென்று தனி சர்வர் வாடகைக்கு எடுக்க முடிவு செய்தபோது, உள்ளூர்க்காரன்தான் அவசரத்துக்கு ஓடி வருவான் என்றது என் மகா மூளை. திருச்சி தில்லைநகரில் ஒரு கம்பெனி. 'இருபத்துநாலு மணி நேரமும் சேவை' என்று போர்டு. பாதாம் பால் கொடுத்தார்கள். குடித்து முடிப்பதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

வைகுண்ட ஏகாதசி காலையில் தளம் படுத்துவிட்டது. யாருக்கு எந்த வீடு என்ற விவரம் அதில்தான் இருந்தது. ஸ்டேஷனில் இறங்கிய குடும்பங்கள் போனில் என்னைத் திட்ட, நான் கம்பெனியைப் பிடித்தேன்.

"இன்ஜினியர் சொர்க்கவாசலுக்குப் போயிருக்காருங்க சார். கூட்டத்துல போனை எடுக்க மாட்டேங்கிறாரு."

"வேற ஆளே இல்லையா?"

"நான் இருக்கேன் சார். பில் போடுறவன்."

என் மனைவி சிரித்தாள். "உள்ளூர்க்காரன் ஏகாதசிக்குக் கோயிலுக்குப் போகாம உங்க சர்வருக்கா காவல் இருப்பான்?"

மத்தியானம் அந்த மகானுபாவர் தரிசனம் முடித்து வரும்வரை, வந்தவர்களை எங்கள் ஹாலில் உட்காரவைத்து உப்புமா கிண்டினேன்.

அடுத்த தீபாவளி காலையில், யார் எடுக்கிறார்கள் பார்ப்போம் என்று வேறு மூன்று சர்வர் கம்பெனிகளின் உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். வெடிச் சத்தத்துக்கு நடுவே, "சொல்லுங்க சார், சர்வர்ல என்ன பிரச்சனை?" என்று ஒருவன்தான் கேட்டான். இப்போது என் சர்வர் அவனிடம்தான் இருக்கிறது; பாதாம் பால் கிடையாது.