அடுத்த வருடத்துக்கான மடிப்பு

இன்று காலை, நான் தையல் சொல்லிக்கொடுக்கும் வகுப்பில் ஒரு மெஷினுக்கு எண்ணெய் விட்டேன். ஒரு சொட்டு விரலில் பட்டது, முகர்ந்து பார்த்தேன். அவ்வளவுதான், மனசு ஆலங்குடிக்கு பஸ் ஏறிவிட்டது.

அங்கே இருந்த பெண்கள் தையல் நிலையத்தில்தான் எனக்கு முதல் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். எஸ்.எஸ்.எல்.சி. பாஸானபின் என் நடையே மாறிவிட்டது என்று வீட்டில் கேலி செய்வார்கள். மாறத்தான் செய்தது, மாறினால் என்ன? நிலையத்துப் பெண்கள் எனக்கு வைத்த பெயரே ‘எஸ்.எல்.சி.’தான். துணி அளந்து கொடுப்பதும் தைத்ததைச் சரிபார்ப்பதும் என் பொறுப்பு.

மாணவியர் விடுதிக்குப் பாவாடை சட்டை தைப்பதுதான் எங்கள் பெரிய ஆர்டர். இரண்டுக்கும் ஒரே நீலத் துணி. நான் சேருவதற்கு முந்தைய வருடம் துணி பற்றாமல், சில பிள்ளைகள் பழைய பாவாடையோடே பள்ளிக்குப் போயிருக்கிறார்கள். கிடைத்தவர்களுக்கும் சட்டை தோளில் நிற்கவில்லை. இந்த முறை துணிக்கட்டை இறக்கிய விடுதி வார்டன் அம்மாள் வாசலிலேயே சொல்லிவிட்டார்:

“ஒரு சட்டைக்குள்ள ரெண்டு புள்ள போகலாம் போல தச்சிருந்தீங்க. இந்தத் தடவையும் துணி பத்தலேன்னா ஆர்டரு டவுன் டெய்லருக்குத்தான்.”

அந்த ஆர்டர் போனால் நிலையத்தை மூட வேண்டியதுதான். மெஷின் சத்தம் அன்று முழுக்கச் சுரத்தில்லாமல் கேட்டது.

போன வருடம் தைத்த சட்டை ஒன்றை விடுதியிலிருந்து வாங்கி அளந்து பார்த்தேன். கொடுத்த அளவைவிட எல்லாப் பக்கமும் நாலு விரல் கூடுதல். எல்லோருக்கும் மூத்தவரான செல்லம்மாள் அக்காவிடம் கேட்டேன்.

“வளர்ற புள்ளைங்கத்தா. அளவுக்கு வெட்டுனா அடுத்த தீவாளிக்கு என்னத்தப் போடுங்க?”

சுற்றி இருந்தவர்கள் எல்லாம் தலையாட்டினார்கள். ஆக, ஒவ்வொருத்தியும் சொந்த மகளுக்கு வெட்டுவது போலவே வெட்டியிருக்கிறாள்! இந்தக் குற்றத்துக்கு யாரைத் திட்டுவது?

பழைய செய்தித்தாளில் சட்டையின் உடல், கை எல்லாவற்றையும் சரியான அளவில் வெட்டிக்கொண்டேன். முன்பெல்லாம் ஆளுக்கொரு துண்டு கிழித்து வாங்கி, அவரவர் தனியாக வெட்டுவார்கள். அக்குள் வளைவில் வெட்டி விழுவதெல்லாம் குப்பை. நான் துணியை நீளமாக விரித்து, ஒரு சட்டையின் வளைவுக்குள் இன்னொரு சட்டையின் கை போய் உட்காரும்படி காகிதங்களைத் திருப்பித் திருப்பி வைத்தேன்.

“எஸ்.எல்.சி. தாயக்கட்டம் போடுதுடி” என்றாள் பொன்னாத்தா. அவள் வாய்க்குப் பூட்டே கிடையாது.

“தாயம் விழுந்தா ஆட்டத்துல சேத்துக்கிறேன், பேசாம துணியப் பிடிங்க” என்றேன்.

சிரிப்பு அடங்கிய பிறகும் செல்லம்மாள் அக்கா கத்தரியைத் தரவில்லை. “மிச்சம் பிடிக்கிறது சரி. புள்ளைங்க வளர்றதுக்கு என்ன வழி?”

“மிச்சமாகுற துணியப் பாவாடை நீளத்துல சேத்துருவோம்க்கா. கீழ ரெண்டு மடிப்பு பிடிச்சுத் தச்சு வையுங்க. வளர வளரப் பிரிச்சு விட்டுக்கட்டும். சட்டைக்கு விலாத் தையல்ல உள்பக்கம் ஒரு விரல் விடுங்க, போதும்.”

அக்கா கத்தரியை நீட்டினார். “நீயே வெட்டு. கோடு பிசகுதான்னு பாப்போம்.”

வெட்டினேன். கோடு பிசகவில்லை.

வார்டன் அம்மாள் வந்து ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தார். கடைசிப் பிள்ளை வரைக்கும் உடுப்பு இருந்தது. சட்டை தோளில் நின்றது. பாவாடையின் அடிமடிப்பைத் தடவி, “இது எதுக்கு?” என்றார்.

“அடுத்த வருசத்துக்குங்க!” என்று அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தியதில் அவரே சிரித்துவிட்டார். பொன்னாத்தா மெஷினில் தாளம் தட்டினாள். ஆர்டர் எங்களிடமே நின்றது.

மறு வருடம் விடுதிப் பிள்ளைகள் தெருவில் வரிசையாகப் போவதைப் பார்க்க எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினோம். வெளுத்த பாவாடைகளின் அடியில், பிரித்துவிட்ட மடிப்பு மட்டும் புது நீலமாக ஒரு பட்டை. யார் எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இப்போது விடுதிக்கு வருடந்தோறும் புது உடுப்பு வந்துவிடுகிறது, நல்லதுதான். அந்த நீலப் பட்டையைத்தான் எந்தத் தெருவிலும் காணோம்.