குடுக்கிற ஆளை முதல் சொல்லும்

போன கோடையில் ஆறு கிழமையாக எங்கள் காருக்குள் ஒரே கதைதான். எங்கள் பேஸ்போல் அணியில் இடதுபக்கத்தில் நின்று பந்து பிடிக்கிற அந்தப் பழைய ஆட்டக்காரனை வேறு அணிக்குக் கொடுப்பதா, வைத்திருப்பதா? காலை ஐந்தேமுக்காலுக்கு ஸ்காபரோவில் தொடங்கினால் மிசிசாகாவில் வேலையிடத்துக்கு முன்னால் காரை நிற்பாட்டும்வரை அதுதான். பின்னேரம் திரும்பும்போது நானூற்றொன்று நெடுஞ்சாலையில் வாகனங்கள் ஊரத் தொடங்கியதும் விட்ட இடத்தில் பிடிப்போம். அந்த நேரம் எனக்குக் கதைக்கத் தெம்பே இருக்காது. ஆனாலும் கதைப்பேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் நித்திரை வந்துவிடும்.

காருக்குள் மூன்று பேர். ஓட்டுவது நான். முன்சீற்றில் அண்ணை. சொந்தக்காரர் இல்லை, அறுபத்துமூன்று வயது, வேலையிடத்தில் எல்லோரும் அண்ணை என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். கண் ஒப்பரேசனுக்குப் பிறகு அவருடைய லைசென்ஸை எடுத்துவிட்டார்கள். முதுகு நோவுக்கென்று ஒரு சின்னக் குஷன் வைத்திருந்தார். அது இரவும் பகலும் என் காரின் முன்சீற்றிலேயே கிடக்கும். சனி ஞாயிறில் என் மனைவி அதைத் தூக்கிப் பின்னுக்கு எறிவாள். திங்கட்கிழமை நான் எடுத்து முன்னுக்கு வைப்பேன்.

பின்சீற்றில் நானா. யாழ்ப்பாணத்தில் பிறந்து புத்தளத்தில் வளர்ந்த முஸ்லிம்; அவர்கள் அண்ணனை நானா என்பார்கள். என்னைவிட நாலு வயது மூப்பு. கையில் எந்நேரமும் போன். எந்த ஆட்டக்காரன் எத்தனை அடித்தான், எத்தனை விட்டான் என்று கேட்காமலே சொல்லிக்கொண்டிருப்பார். ஒரு நாள் என் பக்கம் நிற்பார், அடுத்த நாள் அண்ணையின் பக்கம். வாக்குவாதம் நின்றுபோகக்கூடாது, அவ்வளவுதான் அவருக்கு.

பேஸ்போல் எங்கள் மூன்று பேருக்கும் ரேடியோவால் வந்த தொற்று வருத்தம். ட்ராஃபிக் செய்திக்காகப் போட்ட ரேடியோ ஸ்டேசனை எட்டு வருடமாக மாற்றவில்லை. ஜூலைக் கடைசியில் ஒரு குறித்த நாள்வரைக்கும் அணிகள் தங்களுக்குள் ஆட்களை மாற்றிக்கொள்ளலாம், அதற்குப் பிறகு முடியாது என்பதெல்லாம் அதில் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். ரேடியோக்காரர்கள் அதை ட்ரேட் என்பார்கள். அண்ணை 'ஆள்மாத்து' என்பார். எங்கள் அணி அந்த வருடம் பிளேஓஃப் என்கிற இறுதிச் சுற்றுக்குப் போகக்கூடிய இடத்தில் நின்றது. ஆனால் கடைசி இன்னிங்ஸில் பந்தெறிய வந்தவர்கள் ஒவ்வொரு முறையும் காலை வாரிவிட்டார்கள். வேகமாக எறிகிற இரண்டு இளம் பெடியன்களை எடுக்க வேண்டும். அதற்கு யாரையாவது கொடுக்க வேண்டும். ரேடியோவுக்கு ஃபோன் எடுத்த பாதிப்பேர் அந்தப் பழைய ஆளைத்தான் சொன்னார்கள்.

நானும் அதைத்தான் சொன்னேன். முழங்கால் போனவனை வைத்துக் கும்பிடவா என்று கேட்டேன். அவன் ஓடுவதைப் பார்க்கவே எனக்கு எரிச்சலாக இருக்கும். பதினொரு வருடம் இதே ஊருக்கு விளையாடினான் என்றால் அதற்குக் கைதட்டியாயிற்று, இனிப் போகட்டும். இதையெல்லாம் நாக்குக் கூசாமல் சொன்னேன். மற்றவர்கள் வீட்டுக் கல்யாணச் சாப்பாட்டில் குறை சொல்வதுபோல, எங்களுக்கு அதில் ஒரு செலவும் இல்லை.

அண்ணை மட்டும் ஒரு சட்டம் வைத்திருந்தார். நானா போனைப் பார்த்து இன்னாரை எடுக்கலாம், இன்னாரை எடுக்கலாம் என்று அடுக்கத் தொடங்கினால் கையை உயர்த்தி மறிப்பார்.

"எடுக்கிற ஆளை எல்லாரும் சொல்லலாம். குடுக்கிற ஆளை முதல் சொல்லும். பிறகு எடுக்கிற ஆளைப் பற்றிக் கதைப்பம்."

அந்தச் சட்டம் எங்கள் காருக்குள் நிலைத்துவிட்டது. ஆளைக் கொடுக்காமல் ஆளை எடுக்கிற கதைக்கு இடமில்லை. கொடுக்கிற ஆளின் பெயரைச் சொல்லும்போது அவனுக்கு எத்தனை பிள்ளை, எந்த ஊரில் வீடு வாங்கியிருக்கிறான் என்று தெரிந்தால் அதையும் சொல்ல வேண்டும். நானாவுக்கு இது பெரிய கரைச்சல். அவருடைய போனில் அந்தக் கணக்கெல்லாம் இல்லை.

ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் மைதானத்துக்கே போனோம். மேல்தட்டில் கடைசிக்கு முதல் வரிசை, நல்ல வெயில். அந்தப் பழைய ஆள் அடிக்க வந்து மூன்று பந்தையும் விட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனான். சுற்றியிருந்தவர்கள் கேலியாகக் கூவினார்கள். நானும் கூவினேன். அண்ணை எழும்பி நின்று கைதட்டினார். சும்மா சொல்லக்கூடாது, எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "உவன் நோவோட நிக்கிறான் தம்பி, உமக்குத் தெரியேல்லை" என்றார். அவருக்குத் தெரிந்திருக்கும். அவரும் ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம் நிற்கிறவர்.

விமானங்களுக்குச் சாப்பாடு அடுக்கி அனுப்புகிற இடம் எங்களுடையது. நான் ஒரு லைனுக்குச் சுப்பர்வைசர். பன்னிரண்டு பேர் எனக்குக் கீழே. நானா ட்ரக்கில் ஏற்றுகிற பக்கம், அவருக்கு வேறு சுப்பர்வைசர். அண்ணை என் லைனில் தட்டு அடுக்குவார். பிழை விடமாட்டார், ஆனால் மெதுவு. அந்தக் கோடையில் தட்டுக்கு மூடி ஒட்டுகிற புது மெசின் வந்திருந்தது. அது ஓடிய வேகத்துக்கு எங்களால் ஓட முடியவில்லை. ஒவ்வொரு நாளும் நாங்கள் பின்தங்கினோம். ஒவ்வொரு நாளும் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். வீட்டுக்கு வந்தால் மனைவி என்ன சமைத்தாள் என்றுகூடத் தெரியாமல் தின்றுவிட்டுப் படுப்பேன்.

ஜூலைக் கடைசிக் கிழமை, திங்கட்கிழமை, மனேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனுசி, குரல் உயர்த்தத் தெரியாதவர். மிசிசாகாவையும் தாண்டி, வயல்களுக்கு நடுவில், கம்பனியின் இன்னொரு கிளை இருக்கிறது. அங்கே அந்த மெசினில் பழகிய இரண்டு பெடியன்கள் இருக்கிறார்கள், அவர்களை எனக்குத் தரலாம் என்றார். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அதன் பிறகுதான் சொன்னார்: அங்கே கையால் அடுக்குகிற வேலைக்கு அனுபவமுள்ள ஒருவர் வேண்டும். என் லைனில் யாரை விடலாம்?

அந்தக் கிளையில் வேலை காலை ஐந்து மணிக்குத் தொடங்கும். பஸ் கிடையாது. கார் இல்லாதவரை அங்கே மாற்றினால் அவராகவே வேலையை விட வேண்டியதுதான். இது எனக்குத் தெரியும். அண்ணைக்குக் கார் இல்லை என்பதும் தெரியும். அவருக்கும் அவருடைய வயதேயான மனைவிக்கும் அறுபத்தைந்து வந்து அரசாங்க மருந்து கிடைக்க இன்னும் ஒரு வருடமும் எட்டு மாதமும் இருப்பதும், அதுவரைக்கும் மனைவியின் மருந்தெல்லாம் கம்பனி இன்சூரன்ஸில்தான் வருகிறது என்பதும் தெரியும். காருக்குள் இருந்து அவர் விரல்விட்டு எண்ணுகிற கணக்கு அது.

இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் அவருடைய பெயரைச் சொன்னேன்.

அவர் மெதுவு என்பதால் சொன்னேன் என்று கொஞ்ச நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மற்றப் பதினொரு பேரில் யாரைச் சொல்லியிருந்தாலும் என்னோடு சண்டைக்கு வந்திருப்பார்கள். ஒருத்தி அழுதிருப்பாள், ஒருவன் யூனியனுக்குப் போயிருப்பான், இன்னொருவன் கோயிலில் நின்று என் மானத்தை வாங்கியிருப்பான். அண்ணை ஒன்றும் சொல்லமாட்டார். எனக்குக் களைப்பாக இருந்தது. சண்டை வராத ஆளைக் கொடுத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னைப் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கடிதம் கொடுப்போம், அதுவரை வாய் திறக்காதே என்றார் மனேஜர். எனக்கு அதுவும் வசதியாகப் போய்விட்டது. செவ்வாய், புதன் இரண்டு நாளும் அண்ணை பக்கத்தில் இருந்து அந்தப் பழைய ஆளுக்காக வாதாடினார். நான் ஓம் ஓம் என்றேன். இவன் ஏன் திடீரென்று மாறிவிட்டான் என்று நானா பின்னாலிருந்து என்னைச் சீண்டினார். தலையிடி என்றேன்.

ஆள்மாத்துக்கு வியாழக்கிழமைதான் கடைசி நாள். பின்னேரம் வீட்டுக்கு வரும்போது ரேடியோவில் சொன்னார்கள். எங்கள் அணி ஓர் ஆளை எடுத்திருந்தது. நாங்கள் மூன்று பேரும் ஆறு கிழமையில் ஒரு தரம்கூடச் சொல்லாத பெயர். கொடுத்ததும் நாங்கள் கேள்விப்படாத இரண்டு பெடியன்களை. அவ்வளவு தொண்டைத்தண்ணி வற்றக் கத்தியதற்கு அதுதான் மிச்சம். பழைய ஆளை வைத்துக்கொண்டார்கள். அண்ணை தொடையில் தட்டிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

மறுநாள் காலை ஒரு டப்பாவோடு வந்து ஏறினார். மனைவி வடை சுட்டுத் தந்தாராம், அந்த ஆட்டக்காரன் தப்பியதற்கு. சூடாக இருந்தது. நானாவுக்கு இரண்டு, எனக்கு இரண்டு. சிக்னலில் நின்றபோது என் கைக்குள் வைத்தார். நான் இரண்டையும் தின்றேன். நல்ல வடை என்றும் சொன்னேன். இதைவிடக் கேவலமான ஒன்றை நான் இந்த நாட்டில் செய்ததாக ஞாபகம் இல்லை.

பின்னேரம் மூன்று மணிக்கு, திங்கட்கிழமை முதல் அந்தக் கிளையில் என்று அண்ணைக்குக் கடிதம் கொடுத்தார்கள். நான் காருக்குள் போய் இருந்துகொண்டேன். முதலில் நானா வந்தார். விஷயம் அவருக்கும் எட்டியிருந்தது. கதவைச் சாத்திவிட்டுக் கண்ணாடியில் என்னைப் பார்த்தார், நான் பார்க்கவில்லை. பிறகு அண்ணை வந்தார். கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தார். பெல்ற்றைப் போட்டார். நான் காரை எடுத்தேன்.

ரேடியோ தன்பாட்டில் கத்திக்கொண்டிருந்தது. எட்டு வருடத்தில் அண்ணை அந்த ரேடியோவைத் தொட்டதில்லை, அது ஓட்டுகிறவனுடையது என்பார். அன்றைக்குக் கையை நீட்டி நிற்பாட்டினார். கறுப்பு ட்ரக் ஒன்று எங்களுக்கு முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. ஆட்டத்துக்கு நடுவில் ஒருவனை வேறு அணிக்கு மாற்றிவிட்டால், அவனோடு விளையாடுகிறவர்கள் அவனைக் கட்டிப்பிடிப்பார்கள். அறிவிப்பு வருமுன்னரே டீவியில் அதைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரியவரும். நான் ஸ்ரியறிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

எயார்போர்ட்டைத் தாண்டிய பிறகு அண்ணை கேட்டார்.

"தம்பி, என்னைக் குடுத்து ஆரை எடுத்தனீர்?"

கோபத்தோடு கேட்டிருந்தால் நானும் ஏதாவது கத்தியிருப்பேன். அவர் உண்மையிலேயே அறிய விரும்பித்தான் கேட்டார்.

"ரெண்டு பெடியள், அண்ணை. அந்த மெசினில பழகின ஆக்கள்."

"என்ன வயசு?"

"இருபத்தாறு. மற்றவனுக்கு இருபத்தெட்டு."



"ஒராளுக்கு ரெண்டு பேர்," என்றார். "நல்ல ஆள்மாத்துத்தான்."

அதற்குப் பிறகு நான்தான் கதைத்தேன். அந்தப் பக்கம் வேலைக்குப் போகிற தமிழ் ஆட்கள் இருப்பார்கள், கேட்டுப் பார்ப்போம், மனேஜரோடும் கதைக்கிறேன், ஏதாவது வழி வரும் என்றெல்லாம் சொன்னேன். விடியப்புறம் மூன்றரைக்கு ஸ்காபரோவில் வந்து அவரை ஏற்ற ஒருவரும் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நானா பின்னால் போனைக் கையில் எடுக்கவே இல்லை.

அவருடைய அப்பாட்மென்ற் வாசலில் காரை நிற்பாட்டினேன். அண்ணை இறங்கினார். சாப்பாட்டுப் பையை எடுத்தார், வெறும் வடை டப்பாவை எடுத்தார். பிறகு திரும்பிக் குனிந்து சீற்றிலிருந்த குஷனை எடுத்தார். அதைத் தட்டித் தூசி போக்கிவிட்டு, "கவனமாப் போங்கோ ரெண்டு பேரும்" என்று கதவைச் சாத்தினார். மெதுவாகத்தான் சாத்தினார்.

திங்கட்கிழமை காலை ஐந்தேமுக்காலுக்கு நானா தன்னுடைய வீட்டு வாசலில் நின்றார். முன்கதவை எட்டித் திறந்துவிட்டேன். முன்னுக்கு வந்து இருங்கோ நானா என்றேன்.

அவர் அந்தக் கதவைச் சாத்திவிட்டுப் பின்கதவைத் திறந்தார்.

"நான் பின்னுக்கே இருக்கிறன்," என்றார்.