ஆமைக்குட்டி அறையில் அக்கா

போன வாரம் நடுக்கடலில் ஒரு சண்டை போட்டேன். ஜெயித்தும் விட்டேன்.

ஜெயித்ததுதான் தப்பு!

எங்கள் குடும்பத்துக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஒரு சம்பந்தமும் இல்லை. என் கணவர் சேகர் தினமும் விடியற்காலை ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர். இந்த வருஷம் நன்றாக உழைத்தார் என்று ஆபீஸில் ஒரு பரிசு கொடுத்தார்கள். சென்னையில் கிளம்பி, கடலில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சென்னைக்கே திரும்பும் சொகுசுக் கப்பல் பயணம் — குடும்பத்தோடு!

அவருடைய அப்பா, தாத்தா எல்லோரும் பூமிக்கு அடியில் போய் வந்தவர்கள். தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்த தங்க வயல்காரர்கள். தண்ணீர் மேல் போவது இந்த வம்சத்தில் நாங்கள்தான் முதல். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வாரம் முன்பே பெட்டி கட்டிவிட்டேன்.

எங்களோடு சேகரின் அக்கா விஜயா அண்ணியும் வந்தார். எங்கள் ஊரிலேயே சாம்பியன் ரீப்ஸ் பக்கம் இருக்கிறார். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். கப்பலில் ஏறியதும் லிஃப்டைப் பார்த்து, "கேஜ் பளபளன்னு கீதே!" என்றார். சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கூண்டுக்கு எங்கள் ஊரில் கேஜ் என்று பேர். ஒவ்வொரு தளத்தையும் 'லெவல்' என்றார். "சாப்பாடு எந்த லெவல்லமா?" பக்கத்தில் நின்ற டை கட்டிய ஊழியர் மிகப் பணிவாக, "லெவல் நைன், மேடம்" என்றார். அண்ணிக்கு அந்த நிமிஷமே கப்பல் சொந்த ஊராகிவிட்டது.

இனி சண்டைக்கு வருகிறேன்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவள் யாழினி, வயது ஒன்பது. சின்னவன் முகில், ஐந்து. முகிலுக்கு அக்காதான் உலகம். காலையில் அவனை எழுப்புவது அவள். பள்ளி ஆட்டோவில் மடியில் வைத்துக்கொள்வது அவள். அவன் சாப்பிட மறுத்தால் கதை சொல்லி ஊட்டுவதும் அவளே. நான் சமையல், ஸ்கூல், ஸ்கூட்டி என்று ஓடிக்கொண்டிருப்பேன். ஸ்கூல் என்றால், டீச்சராக! ஊரே யாழினியைப் பாராட்டும். 'எங்கள் வீட்டுக் குட்டி அம்மா' என்று நானே இந்தப் பத்திரிகைப் பத்தியில் முன்பு பெருமையாக எழுதியிருக்கிறேன். ஞாபகம் இருக்கும் உங்களுக்கு.

கப்பலில் குழந்தைகளுக்கென்று ஒரு கிளப். பெற்றோர் விட்டுவிட்டுப் போகலாம். விளையாட்டு, பாட்டு, சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆனால் வயது வாரியாக அறைகள். ஆறு வயது வரை ஆமைக்குட்டிகள். ஏழிலிருந்து பத்து வரை டால்பின்கள். இரண்டு அறைக்கும் நடுவில் நீளமான ஒரு தாழ்வாரம்.

அதாவது, அக்கா ஒரு பக்கம்... தம்பி ஒரு பக்கம்!

"அதெல்லாம் முடியாது" என்றேன். "இவங்க ரெண்டு பேரும் ஒரு நாள்கூடப் பிரிஞ்சதில்லை."

வாசலில் நின்ற பொறுப்பாளர் பெண்ணின் பெயர் பிரீத்தி. ஊர் ஹுப்பள்ளியாம். சட்டென்று கன்னடத்துக்கு மாறினேன். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது ஒரு வசதி. எந்தப் பூட்டுக்கு எந்தச் சாவி என்று பார்த்துப் போடுவோம். அவள் முகம் மலர்ந்தது. ஆனாலும், "ஆகல்ல மேடம்" என்றாள். முடியாது என்பதைக் கன்னடத்தில் கேட்டால் மட்டும் வலி குறையுமா என்ன?

நான் விடவில்லை. கூடப் பிறந்தவர்களைப் பிரிப்பது என்ன நியாயம், சின்னவன் பயந்து அழுதால் யார் பொறுப்பு, உங்கள் மேலதிகாரியிடம் பேச வேண்டும்... குரல் உயர்ந்தது. பின்னால் நின்ற தாய்மார்கள் வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் பிரீத்தியே யாரிடமோ போனில் பேசிவிட்டு வந்து சொன்னாள். சின்னவனைப் பெரிய பிள்ளைகள் அறைக்கு அனுப்ப வழியே இல்லை; பெற்றோர் சம்மதித்தால், பெரியவள் வேண்டுமானால் சின்னவர்கள் அறையில் இருக்கலாம்.

வெற்றி!

"சரியா யாழி? தம்பிகூட இருக்கியா?"

"சரிம்மா" என்றாள்.

சொல்லிவிட்டு ஒரு தடவை தாழ்வாரத்தின் அந்தக் கோடியைத் திரும்பிப் பார்த்தாள். டால்பின் அறை வாசலில் பிள்ளைகள் நெற்றியில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு நின்றார்கள். கையில் கப்பலின் வரைபடம். புதையல் வேட்டைக்குக் கிளம்புகிறார்களாம். அவள் பார்த்ததை நான் பார்த்தேனா? பார்த்தேன். மனசில் ஏற்றிக்கொண்டேனா? அதுதான் இல்லை.

நானும் சேகரும் மேல்தளத்துக்குப் போனோம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், யாரும் நடுவில் வந்து தண்ணீர் கேட்காமல், இரண்டு பேரும் ஒரு காபியைச் சூடாகக் குடித்தோம். எதிரே நீலமாய்க் கடல். எனக்குப் பாடத் தோன்றியது. சேகர் பயந்து போய், "வேணாம்மா, ஆளுங்க கீறாங்க" என்றார்.

அப்போது வந்தார் விஜயா அண்ணி. மூச்சு வாங்கியது. முகம் சரியில்லை.

"இன்னா மாலா இது? கப்பல்லகூட அந்தப் பொண்ணுக்கு டூட்டி போட்டு வச்சிக்கீற?"

எனக்குப் புரியவில்லை. "எந்தப் பொண்ணுக்கு அண்ணி?"

"உம் பொண்ணுக்குத்தான்! கண்ணாடி வழியா பாத்துட்டு வரேன். இத்தினியூண்டு சேர்ல முட்டியைக் கட்டிகினு உக்காந்துகினு கீது. தம்பிக்காரன் ஆட்டமா ஆடுறான், இதைத் திரும்பிக்கூடப் பாக்கல. இது யாரோ வூட்டுக் கொழந்தைக்கு மூக்கு தொடச்சி வுட்டுகினு கீது!"

"அவளேதான் ஒத்துக்கினா, அக்கா" என்றார் சேகர்.

"நானுந்தாண்டா ஒத்துக்கினேன். முடியாதுன்னு சொல்லலாம்னு எனக்கு யார்னா சொன்னாங்களா?"

சேகர் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோபமெல்லாம் இல்லை. ஊர்க்கதை சொல்வதுபோலத்தான் சொன்னார். "அப்பாவுக்கு ஷிப்டு. அம்மாவுக்கு வூட்டு வேலை, கூலி வேலை. நீ என் இடுப்புலதான் கெடந்த. லைன்ல பொண்ணுங்க எல்லாம் கயிறு தாண்டி ஆடுவாளுங்க. நான் உன்னைத் தூக்கிகினு எண்ணிகினு நிப்பேன். கீழ வுட்டா மண்ணைத் தின்னுவ. எனக்குக் கயிறு ஆட வரவே வராதுன்னு எல்லாரும் நெனச்சிகினாங்க. வருமா வராதான்னு எனக்கே இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

லைன் என்றால் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பு. அங்கே இந்த அக்காதான் தன்னை வளர்த்தார் என்று சேகர் பலரிடம் பெருமையாகச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அந்த வளர்ப்புக்கு இப்படி ஒரு பக்கம் இருந்ததை அவர் அன்றுதான் கேட்கிறார். "நீ சொன்னதே இல்லையே, அக்கா" என்றார்.

"கேட்டாத்தானடா சொல்றதுக்கு? வுடு. நீ நல்லாதான் வளந்துக்கீற. இப்ப எழுந்து போய் அந்தப் பொண்ணைக் கேளு."

ஒரு விஷயம் சொல்லுங்கள். மூத்த பிள்ளைக்கு நாம் ஒரு வேலை கொடுக்கிறோமே... அதில் லீவு உண்டா? ஷிப்டாவது மாறுமா? 'பொறுப்பான பிள்ளை' என்று ஒரு பட்டம் மட்டும் கட்டிவிடுகிறோம். பட்டத்தைக் கட்டிய பிறகு அந்தப் பிள்ளை எப்படிக் கழற்றும்?

யாழினியை வெளியே அழைத்துக் கேட்டேன். "உனக்கு எங்க இருக்கணும் யாழி? நிஜத்தைச் சொல்லு."

"முகில் அழுவானேம்மா..."

"அழட்டும். நான் உன்னைக் கேட்டேன்."

என் முகத்தைப் பார்த்தாள். அத்தை முகத்தைப் பார்த்தாள். அப்புறம், ஏதோ கெட்ட வார்த்தை சொல்வதுபோல, ரொம்ப மெதுவாக — "ட்ரெஷர் ஹன்ட்."

மறுநாள் காலை ஆமைக்குட்டி அறை வாசலில் பெரிய ரகளை. அக்கா உள்ளே வரப்போவதில்லை என்று தெரிந்ததும் முகில் அவள் டீ-ஷர்ட்டை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினான். கப்பலின் அடித்தளம் வரை கேட்டிருக்கும் அந்தக் கத்தல். யாழினி குனிந்து, "அக்கா சீக்கிரம் வந்துடுவேன்டா" என்றாள். அவள் கண்ணிலும் தண்ணீர். நாலு எட்டு நடப்பாள், திரும்பி வருவாள். 'இருவரும் இங்கேயே இருங்கள்' என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

சேகர் குனிந்து முகிலின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். பையனைத் தூக்கிக்கொண்டார். "யாழி, நீ ஓடு. இவனை நான் பாத்துக்கறேன். ஓடும்மா!"

அவள் ஓடினாள்.

பிரீத்தி முகிலை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். உள்ளே அழுகை. நாங்கள் வெளியே சிலை மாதிரி. அழுகை... அழுகை... திடீரென்று சத்தமே இல்லை. அழுகையாவது பரவாயில்லை, இந்த அமைதி இருக்கிறதே! கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தேன். முகில் ஒரு வங்காளிப் பையனுக்கு எதையோ விளக்கிக்கொண்டிருந்தான். தமிழில் பாதி, கன்னடத்தில் பாதி. அந்தப் பையனும் ஒன்றுவிடாமல் புரிந்ததுபோலத் தலையாட்டினான். அடுத்த நிமிஷம் இரண்டு பேரும் மேஜைக்கு அடியில்!

எங்கே போனது அந்த ஐந்து வருஷப் பாசம்? எனக்கே கொஞ்சம் ரோஷமாக இருந்தது.

பத்து மணிக்கு மேல் நாங்கள் மூன்று பேரும் ஏழாவது தளத்தில் நின்றிருந்தபோது, படிக்கட்டில் தடதடவென்று ஒரு பட்டாளம். சிவப்புத் துணி கட்டிய பிள்ளைகள். அதற்கு முன்னால், ரிப்பன் அவிழ்ந்து, தலைமுடி பறக்க, முகமெல்லாம் சிவந்து, யாரிடமோ உரத்த குரலில் உத்தரவு போட்டுக்கொண்டு ஒரு பெண் — "கப்பல் மணி இருக்கிறது மேல் லெவல்லதான்! கம் ஆன்! பேக பா!"

தமிழ், இங்கிலீஷ், கன்னடம் — மூன்று மொழி, ஒரே மூச்சில். யார் பெற்ற பெண் என்று யோசிப்பதற்குள் கடந்து போய்விட்டாள். என் மகள்! பெற்ற அம்மா நிற்பது கண்ணுக்கே தெரியவில்லை அவளுக்கு. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அண்ணி சும்மா இருப்பாரா? புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "ஏய், நில்லுங்கடி!" என்று அவர்கள் பின்னாலேயே படியேறி ஓடினார்.

யாழினியின் அணி தோற்றுவிட்டது. ஒரே ஒரு குறிப்பைத் தவறாகப் படித்துவிட்டார்கள். வந்து நின்றவள் காலைத் தரையில் உதைத்தாள். ஜெயித்த அணி எட்டிப் பார்த்து விளையாடியது, நாளைக்கு விடமாட்டேன், மறுபடியும் வைக்கச் சொல்லுங்கள் என்று பொரிந்து தள்ளினாள். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். வீட்டில் கேரம் ஆடினால் தம்பிக்கு விட்டுக்கொடுத்து எப்போதும் தோற்கிறவள் அவள். தோற்றால் சிரிப்பாள். அவளுக்கு ஜெயிக்கும் ஆசை இல்லை என்றல்லவா நான் நினைத்திருந்தேன்?

கோபம் ஆறியதும் தம்பி ஞாபகம் வந்துவிட்டது. ஆமைக்குட்டி அறைக்கு ஓடினாள். நானும் பின்னால் போனேன். கதவைத் திறந்து, "முகில்... அக்கா வந்துட்டேன்" என்றாள்.

மேஜைக்கு அடியிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. "நீ இன்னாத்துக்கு இங்க வந்த? இது சின்னவங்க ரூம்க்கா. உனக்கு வயசாயிடுச்சி. அப்பால வா!"

தலை உள்ளே போய்விட்டது.

யாழினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு கணம் உதடு துடித்தது. அப்புறம் பார்க்க வேண்டுமே... குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே டால்பின் அறைக்கு ஓடினாள். நடக்கவில்லை, ஓடினாள்.

கடைசி நாள் எல்லா வயதுப் பிள்ளைகளுக்கும் சேர்த்து மேல்தளத்தில் தண்ணீர் பலூன் சண்டை. இந்தத் தடவை இருவரும் ஒரே அணியில் இருக்கலாம் என்றார்கள். நான் கேட்கக்கூட வேண்டியிருக்கவில்லை. "வேணாம், நான் அக்காவுக்கு எதிர் பார்ட்டி!" என்றான் முகில். யாழினி ஒரு பலூனைக் குறிபார்த்து எறிந்தாள். அவன் நடுமார்பில் வெடித்தது. தொப்பலாக நனைந்து, "அவுட்டு!" என்று கத்தியபடி என் பிள்ளை ஆனந்தக் கூத்தாடினான். அக்கா அவனிடம் விட்டுக்கொடுக்காமல் ஆடியது அதுதான் முதல் தடவை. அவனுக்கு அது எவ்வளவு பிடித்திருந்தது தெரியுமா? ஆட்டம் முடிந்ததும் யாரும் சொல்லாமல் இரண்டும் ஒரே துண்டுக்குள் புகுந்துகொண்டு ஐஸ்கிரீம் தின்றன.

சேர்த்து வைக்க வேண்டும் என்று நான் போட்ட சண்டையை நினைத்துக்கொண்டேன். அவர்கள் சேர்ந்துதான் இருக்கிறார்கள். ஒட்ட வைத்துக்கொண்டிருந்தது நான்தான்.

பக்கத்தில் சேகர், அண்ணியின் கைப்பையை மாட்டிக்கொண்டு நின்றார். "அண்ணி எங்கே?" என்றேன். மேலே கை காட்டினார். வளைந்து வளைந்து இறங்கும் நீர்ச்சறுக்கின் உச்சியில், வாடகைக்கு எடுத்த நீச்சல் உடுப்பில், வரிசையில் நின்றார் விஜயா அண்ணி. முன்னும் பின்னும் பள்ளிப் பிள்ளைகள். "டேய் சேகரு, பாத்துகினே இரு!" என்று ஒரு குரல். அப்புறம் ஒரு நீண்ட கூச்சல். அண்ணி தண்ணீரில் வந்து விழுந்த வேகத்தில் எங்கள் எல்லோர் மேலும் அலை அடித்தது.

எழுந்தார். மூக்கைத் துடைத்தார். "இன்னொரு தபா!" என்று படியேறிவிட்டார்.

பிரீத்தியிடம் விசாரித்துப் பார்த்தேன் — சறுக்கில் ஏற உயரம் மட்டும்தான் பார்ப்பார்களாம், வயதைக் கேட்கவே மாட்டார்களாம்... அண்ணிக்குப் பின்னால் நானும் போய் வரிசையில் நின்றுவிட்டேன்!