காணவில்லை என்று ஒரு பேனர்

காலை ஏழு பத்துக்கு என் கணவர் மண்டபத்திலிருந்து போன் செய்தார். சாம்பாருக்கு முருங்கைக்காய் வரவில்லை என்பார் என்று நினைத்து எடுத்தேன்.

"பொண்ணு ரூம்ல இருக்கறாளா, போயி பாரு."

"ஏன்?"

"கேள்வி கேக்காத. போயி பாரு."

அறையில் அவள் இல்லை. குளியலறைக் கதவு திறந்து கிடந்தது. நிச்சயத்துக்குக் கட்ட வேண்டிய பட்டுப்புடவை மடிப்புக் கலையாமல் கட்டில்மேல் இருந்தது. ஒன்பது மணிக்கு நிச்சயதார்த்தம். இல்லை என்று சொன்னேன்.

"மெயின் ரோட்டு முனையில பேனர் வச்சிருக்காங்களாம். நம்ம பொண்ணு போட்டோ. மேல 'காணவில்லை'ன்னு போட்டிருக்குதாம். மாப்பிள்ளையோட பெரியப்பா பாத்துட்டு வேனைத் திருப்பச் சொல்லிட்டாரு."

திருப்புட்குழியிலிருந்து இருபது பேர் ஒரு வேனில் வந்துகொண்டிருந்தார்கள். அந்த இருபது பேரில் ஒருவருக்குக்கூடவா இறங்கிப் போய் முழுசாகப் படிக்கத் தோன்றவில்லை என்று இன்று கேட்கிறேன். அன்று அதைக் கேட்கிற நிலையில் நான் இல்லை. நான் முதலில் செய்த காரியம், பீரோவைத் திறந்து நகைப் பெட்டியைப் பார்த்தது. எல்லாம் இருந்தது. அதில் எனக்கு ஆறுதல் கிடைக்கவில்லை. நகையைக்கூட விட்டுவிட்டுப் போகிறவள்தான் முடிவெடுத்துவிட்டுப் போகிறவள் என்று தோன்றியது.

அடுத்து என் அக்காவுக்குப் போன் செய்தேன். "நான் அப்பவே சொன்னேன்ல" என்றாள். எதைச் சொன்னாள், எப்போது சொன்னாள் என்று எனக்கு இதுவரை தெரியாது. வாழ்க்கை முழுவதும் அவள் எல்லாவற்றையும் அப்போதே சொன்னவள். மகளின் எண்ணை எடுத்தேன். விரல் போகவில்லை. அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று அந்தப் பெண் குரல் சொல்லிவிட்டால் பிறகு எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது? மறுபடியும் அக்காவுக்கே போட்டேன்.

பேனரில் என்ன படம் இருக்கும் என்று பார்க்காமலே எனக்குத் தெரியும். இரண்டு வருடமாக என் மகள் தன்னைத்தானே படம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஊரே எடுக்கிற செல்ஃபி இல்லை, அது வேறு என்பாள். மாடியில் மூன்று கால் ஸ்டாண்டை நிறுத்தி, கேமராவுக்குப் பத்து நொடி கெடு வைத்துவிட்டு ஓடிப்போய்ச் சுவரோரம் நிற்பாள். சிரிக்க மாட்டாள். சாயம் போன துணியைத்தான் போடுவாள். பாதி முகத்தில் வெயில், பாதி முகத்தில் இருட்டு. அலமாரி நிறையத் துணி வாங்கிக் கொடுத்த வீட்டில் பிறந்தவள், ஏதோ அகதி முகாமிலிருந்து வந்தவள் மாதிரி நிற்பாள். அதை நெட்டில் போடுவாள். ஏனாத்தூர் காலேஜில் கூடப் படித்த தோழிகள் கீழே வரிசையாக எழுதுவார்கள்.

"உங்க வீட்ல கரண்ட் கட்டாடி?"

"ஆதார் போட்டோ இதவிட பரவால்ல."

"ஆன்ட்டி, இவளுக்கு ஒரு வாய் சோறு போடுங்க ப்ளீஸ்."

"காணாமப் போனவங்க நோட்டீஸுக்கு அளவெடுத்த மாதிரி இருக்குது."

இதையெல்லாம் படித்துவிட்டு அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். படத்தில் வராத சிரிப்பு. மூன்று வருடம் பெற்றவர்கள் பணத்தில் பேருந்தில் போய்வந்து இவர்கள் கற்றுக்கொண்டது இதுதானா என்று நான் நினைப்பேன். கடைசி வரியை எழுதியவளுக்கு அதை எழுதியதோடு திருப்தி வரவில்லை. நிச்சயத்துக்குப் பரிசாக அதைப் பத்தடிக்கு அச்சடித்து, பொழுது விடிவதற்குள் கட்டிவிட்டாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அதற்குள் கீழ்வீட்டு அம்மா மேலே வந்துவிட்டாள். பால் பாக்கெட்டைக்கூட வீட்டில் வைக்கவில்லை, கையிலேயே இருந்தது.

"என்னம்மா, பேனரு பாத்தேன். எப்பத்திலேருந்து காணோம்?"

"காணோம்னு யாரு சொன்னா?"

"கோச்சிக்காதம்மா. மாடியில கேமராவ வச்சிக்கினு தனியா நிக்கும்போதே நெனச்சேன். யாருக்கு அனுப்புதுன்னு. பையன் உள்ளூரா?"

இரண்டு மாதம் முன்பு இதே அம்மா தன் பேத்தியின் சடங்குக்கு என் மகளைத்தான் படமெடுக்கக் கூப்பிட்டாள். நான் உள்ளே போனேன். அவளும் பின்னாலேயே வந்து பீரோ திறந்திருப்பதைப் பார்த்து, "நகை இருக்குதா?" என்றாள். அந்தக் கேள்விக்காக அவளை வெறுத்தேன். பத்து நிமிடம் முன்பு நானும் அதையேதான் கேட்டிருந்தேன்.

ஸ்கூட்டி சத்தம் கேட்டது. தோழிகள் இரண்டு பேர், பட்டுப்பாவாடையும் கூலிங் கிளாஸுமாகப் படியேறி வந்தார்கள்.

"ஆன்ட்டி! பேனர் பாத்தீங்களா? செமயா இல்ல?"

"எங்கடி அவ?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குட்டையானவள் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "காணோமே ஆன்ட்டி. அதான் போர்டே வச்சிட்டோமே" என்றாள்.

நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். வளையல் ஒன்று உடைந்தது. என் முகத்தில் என்ன பார்த்தாளோ, அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டாள்.

"ஐயோ ஆன்ட்டி, சும்மா! பேனருக்குக் கீழதான் நிக்கறா. அது முன்னாடி நின்னு போட்டோ எடுக்கணுமாம். அவ எடுக்கும்போது நாங்க பக்கத்துல இருக்கக் கூடாதாம், தொரத்திட்டா. சத்தியமா ஆன்ட்டி."

கட்டிலில் புடவைமேலேயே உட்கார்ந்துவிட்டேன். உயிர் வந்தது. வந்த உடனே கோபமும் வந்தது. ஓடிப்போன பெண்ணாக ஊர் பார்த்துக்கொண்டிருக்க, தன் முகத்துக்குக் கீழே தானே நின்று, அதையும் படம் எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

உயரமானவள் தன் போனில் பேனரைக் காட்டினாள். "கீழ படிங்க ஆன்ட்டி, எல்லாம் எழுதியிருக்கோம்." படித்தேன். அடையாளம்: சிரிக்க மாட்டார். கடைசியாகப் பார்த்த இடம்: கேன்டீனில், அடுத்தவர் பரோட்டாவுக்கு அருகில். கண்டுபிடித்தவர் திருப்பித் தர வேண்டாம். இப்படிக்கு, நிம்மதி அடைந்த தோழிகள்.

"வேன்ல போறவன் சின்ன எழுத்தப் படிப்பானாடி? இந்த ஊர்ல நிச்சயத்தன்னிக்குக் காலையில பொண்ணு காணோம்னா என்னான்னு நெனைப்பாங்க? அதுகூடவா உங்களுக்குத் தெரியாது?"

"எல்லாரும் சிரிப்பாங்கன்னு நெனச்சோம் ஆன்ட்டி" என்றாள். மூக்கு சிவந்துவிட்டது. எனக்கு இரக்கம் வரவில்லை.

கணவருக்குச் சொன்னேன். அவர் பெரியப்பாவுக்குச் சொன்னார். ஐந்து நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டார். குரல் செத்துப் போயிருந்தது. "பொண்ணு கெடச்சிடுச்சுன்னு சொல்றீங்க, சந்தோஷம். எங்க கெடச்சுதுன்னு யாரு பாத்தாங்க? அப்படிங்கறாரு. வேன் ஊருக்கே போயிடுச்சாம்."

மாதக் கணக்கில் ஜாதகம் பார்த்து, பேசி, ஒத்துவந்த இடம். மகளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது. அது எனக்குத் தெரியும். பையன் பேச்சை எடுத்தாலே தண்ணீர் குடிக்க எழுந்து போவாள். அந்தச் சம்பந்தம் ஒரு பெரியப்பாவின் அரைகுறைப் படிப்பில் போய்க்கொண்டிருந்தது. தோழிகள் பேனரைக் கிழிக்க ஓடினார்கள். கீழ்வீட்டு அம்மா மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

எட்டே காலுக்கு வாசலில் ஆட்டோ நின்றது. முதலில் ஸ்டாண்டு இறங்கியது, பிறகு என் மகள், தலைகூட வாராமல். அவள் பின்னால் பட்டுப்புடவையும் பூவுமாக மாப்பிள்ளையின் அம்மா. வேறு யாரும் இல்லை. நான் கை கூப்பினேன். அவர் கூப்பவில்லை. மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்து தண்ணீர் கேட்டு வாங்கி முழுச் சொம்பும் குடித்தார்.

"வேனைத் திருப்பினாங்க. நான் எறங்கிக்கினேன்" என்றார். "எம் புள்ள பைக்ல வந்துக்கினு இருக்கான். அவங்கப்பாவையும் பின்னாடி உக்கார வச்சிக்கினு வரச் சொல்லியிருக்கேன். மத்தவங்க வந்தா வரட்டும், வரலன்னா சோறு மிச்சம். போயி தல வாருமா நீ, நேரமாவுது."

மகள் உள்ளே போனாள். அவர் சொம்பைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பொண்ணு காணோம்னதும் நான் பொண்ணுக்குத்தான் போன் போட்டேன். மொத ரிங்லயே எடுத்துச்சு. இங்கருந்து யாரும் கேக்கலன்னுச்சே. நீங்க யாருக்குப் போட்டீங்க, சம்மந்தியம்மா?"