ஒரு மணிச் சைரன்

தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் சைரனைப் பொருத்தியபோது அதன் விசை ஜோஸ்பினின் பொறுப்பில் வந்து சேர்ந்தது. பாகூர்க் கொம்யூன் பஞ்சாயத்தில், பெண்ணையாற்றை ஒட்டிய அந்தச் சிற்றூரில் தொட்டிக்கு நீரேற்றுவதும் தெருக்குழாய்களுக்குத் தண்ணீர் திறந்துவிடுவதும் அவளுடைய வேலை. அதற்கு முன் பல ஆண்டுகள் நடவுக்குப் போனவள். சேற்றில் குனிந்தபடி நாளெல்லாம் நிற்பது என்னவென்று அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

ஒரு புயலாண்டில் ஆறு கரையுடைத்து ஊருக்குள் புகுந்த பிறகே அந்தச் சைரன் வந்தது. மாதத்திற்கு ஒருமுறை சோதனைக்காகச் சிறிது நேரம் ஒலிக்கச் செய்ய வேண்டும். கொம்யூன் அலுவலகத்திலிருந்து வெள்ளச் செய்தி வந்தால் விசையிலிருந்து கையை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். கேட்டவர்கள் அனைவரும் மேட்டிலுள்ள பள்ளிக்கூடத்திற்குச் சென்றுவிட வேண்டும். விதி இவ்வளவுதான்.

முதல் சோதனை பகல் ஒரு மணிக்கு நடந்தது. அன்று மாலையே, நடவாட்களுக்குத் தலைவியான அம்சவள்ளி சேற்றுக் காலோடு தொட்டியடிக்கு வந்துவிட்டாள்.

"ஜோஸ்பினு, அத்தத் தெனமும் ஊதேன்."

"இன்னாத்துக்கு?"

"எங்க போனெல்லாம் மோட்டார் கொட்டாயில தொங்குது. மணி தெரியல. 'இந்த மூலைய முடிச்சிட்டு ஏறுங்கம்மா'ன்னே ரெண்டு மணி வரைக்கும் இழுக்கிறாரு கழனிக்காரரு தங்கவேலு. இன்னிக்கு உன் சைரன் ஊதுச்சா, வாயத் தொறக்கலியே மனுசன்."

"இது வெள்ளத்துக்கு வச்சதுடி."

"வெள்ளம் வர்ற அன்னிக்கு வெள்ளத்துக்கு ஊது. மத்த நாளு எங்க வவுத்துக்கு ஊது."

ஜோஸ்பின் சிரித்துவிட்டாள். மறுநாள் ஒரு மணிக்கு அவள் கை தானாகவே விசைக்குப் போயிற்று. அன்று முதல் அது வழக்கமாயிற்று. நடவாட்கள் நேரத்திற்குச் சாப்பிட்டார்கள். "என் கழனிக்கு நான் மொதலாளி இல்லபா, ஜோஸ்பின்தான் மேஸ்திரி" என்று தங்கவேல் டீக்கடையில் முணுமுணுத்ததோடு சரி. அரசாங்கத்துச் சைரனோடு யார் வழக்காட முடியும்?

ஐப்பசியில் ஒரு நாள், மழை விட்டு வானம் துடைத்து வைத்தாற்போல் இருந்த முற்பகலில், கொம்யூன் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. மேற்கே அணையைத் திறந்துவிட்டார்கள். பிற்பகலுக்குள் ஆறு கரை மீறும். ஜோஸ்பின் விசையை அழுத்தினாள். அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்த்து, "அதுக்குள்ள ஒரு மணியா?" என்றார்கள். அவர்களிடம் வாயாலேயே சொல்லி அனுப்ப முடிந்தது. அவள் பார்வை வாய்க்காலுக்கு அப்பால் சென்றது. ஆற்றோரப் பள்ளத்தில், தங்கவேலின் கழனியில், அம்சவள்ளியும் மற்ற பெண்களும் நிமிர்ந்தார்கள். வாய்க்காலில் கைகால் கழுவினார்கள். வரப்பில் வரிசையாக அமர்ந்து தூக்குவாளிகளைத் திறந்தார்கள்.

அந்தக் கழனிக்கு உள்ள ஒரே வழி தாழ்வான மதகுப் பாதை. வெள்ளம் முதலில் மூழ்கடிப்பது அதைத்தான். ஜோஸ்பின் ஒரு கையால் விசையை அழுத்தியபடி மறு கையால் அம்சவள்ளியின் எண்ணை அழைத்தாள். மோட்டார் கொட்டகையில் தொங்கிய போனில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. தொலைவில் அம்சவள்ளி கையை உயர்த்தி ஆட்டினாள். முன்னதாகவே சோறு போட்டுவிட்ட தோழிக்கு நன்றியாம்.

அப்போது மோட்டார் சைக்கிள் சீறிக்கொண்டு வந்து நின்றது. தங்கவேலின் முகம் சிவந்திருந்தது.

"இன்னாமா இது, பன்னண்டு கூட ஆவல. பறிச்சுப் போட்ட நாத்து காஞ்சிக்கினு கெடக்குது, அவளுங்க குந்திக்கினு துன்றாளுங்க."

"அண்ணா, இது சோத்துக்கு இல்ல. அணையத் தொறந்துட்டாங்க, தண்ணி வருது."

"மானத்துல ஒரு மேகம் இல்ல."

"மானத்துலேந்து வர்ல, மேக்கேந்து வருது. நான் கைய எடுத்தா இது நின்னுடும். நீங்க போய்க் கூட்டியாந்துடுங்கண்ணா."

அந்தப் புயலாண்டில் கொட்டகையோடு மாடுகளைப் பறிகொடுத்தவர் தங்கவேல். ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தார். உடனே வண்டியைத் திருப்பினார்.

அவர் வரப்பில் நின்று இரு கைகளையும் வீசுவதை ஜோஸ்பின் பார்த்தாள். பெண்கள் உடனே எழவில்லை. பிறகு அம்சவள்ளி எழுந்தாள், எழுந்தவள் ஓடினாள், அனைவரும் ஓடினார்கள். கடைசிப் பெண் மதகைக் கடந்தபோது செந்நீர் அதன்மேல் வழியத் தொடங்கியிருந்தது.

மாலையில், பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் பொதுச் சமையல் சோற்றைப் பிசைந்தபடி அம்சவள்ளி கதையை எல்லாருக்கும் சொன்னாள். "சைரனக் கேட்டு யாரு பயந்தா? சோறுன்னு குந்திட்டோம். இந்த மனுசன் வந்து 'நட்டது போதும், ஏறுங்க'ன்னாரு. இவரு வாயால 'போதும்'னு நான் கேட்டதே இல்ல. அப்பத்தான் எழுந்து ஓடியாந்தேன்."

தங்கவேலும் சிரித்தார். அவருடைய நடவு முழுவதும் நீருக்கடியில் இருந்தது. நட்டவர்கள் எல்லாரும் அவரோடு ஒரே வரிசையில் அமர்ந்து உண்டுகொண்டிருந்தார்கள்.

ஜோஸ்பினால் மட்டும் சிரிக்க முடியவில்லை. "நாளையிலேந்து ஒரு மணிக்கு ஊத மாட்டேன்" என்றாள்.

அம்சவள்ளியின் கை சோற்றில் நின்றது. மறுபடியும் இரண்டு மணி வரை குனிந்து நிற்பதா? ஆனாலும் சரியென்று தலையாட்டினாள்.

"ஒரு மணிக்கு நானே வண்டி ஹாரன அடிக்கிறேன்" என்றார் தங்கவேல், இலையைப் பார்த்தபடி.

"மறந்துட்டீங்கன்னா?" என்றாள் அம்சவள்ளி.

"அன்னிக்கு அவரு தெருக் கொழாயில தண்ணி வராது" என்று ஜோஸ்பின் சொன்னாள். தாழ்வாரமே சிரித்தது.

நீர் வடிந்தது, மறுநடவு தொடங்கியது. இனிச் சைரன் கேட்டால் யோசிக்காமல் மேடேறிவிட வேண்டும் என்று ஜோஸ்பின் நடவாட்களிடம் சொல்லி வைத்திருந்தாள். அடுத்த சோதனை நாளில் ஜோஸ்பின் சைரனை ஒலிக்கவிட்டுக் கழனியைப் பார்த்தாள். பெண்கள் நிமிர்ந்தார்கள். ஒருத்தியும் வாய்க்கால் பக்கம் திரும்பவில்லை. மதகின் வழியாக வரிசையாக மேடேறி வந்தார்கள். அம்சவள்ளியின் கையில் நாற்று முடி இருந்தது.

"அத்தக் கீழ போட்டுட்டு வரக் கூடாதா?"

"யோசிக்காம வரணும்னு நீதானடி சொன்ன" என்றபடி அம்சவள்ளி பள்ளிக்கூடத்தை நோக்கி நடந்தாள்.

சோதனை முடிந்து அவர்கள் கழனிக்குத் திரும்பிய சிறிது நேரத்தில் தங்கவேலின் வண்டி ஹாரன் ஒலித்தது. ஜோஸ்பின் மணியைப் பார்த்தாள். ஒரு மணியாக இன்னும் சற்று நேரம் இருந்தது.